அன்றாட அப்பம்

நாளைக்கு என் செய்வோம் என்னும் கேள்வி மனிதனை விட்டு அகன்ற காலம் இல்லை. களஞ்சியம் நிறைய நெல் வைத்திருப்பவனும் அதைக் கேட்கிறான். மாலைக் கூலியை எதிர்நோக்கி நிற்பவனும் அதைக் கேட்கிறான். கிறிஸ்தவ வேதம் இக்கேள்விக்குத் தரும் விடை பலரும் அறிந்ததே. உணவுக்கும் உடைக்கும் கவலைப்பட வேண்டா. ஆகாயத்துப் பறவைகளை ஊட்டி வளர்ப்பவர் மனிதரை மறந்துவிடார் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் போதித்தார்.

இதைக் கேட்கும் மாணவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயற்கை. 'அப்படியானால் உழைப்பு எதற்கு? சிக்கனம் எதற்கு? உலகில் பசியால் வாடுவோர் ஏன் இருக்கிறார்கள்?' என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்விகள் இவை. இவற்றுக்குச் சமய விளக்கம் கூறுவது என் நோக்கமன்று. அப்போதனையை மெய்யென்று கொண்டு அதன்படி வாழ முயன்றவர்கள் வெவ்வேறு காலங்களில் என்ன செய்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வரலாற்றின் வழியே காண்போம்.

இவ்வரலாறு ஒரு பாலைவனத்தில் தொடங்குகிறது. இஸ்ரவேல் மக்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தபோது என்ன வேலை செய்தார்கள் என்பதை யாத்திராகமம் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறது. பித்தோம், ராமசேஸ் என்னும் இரண்டு பண்டசாலை நகரங்களைப் பார்வோன் மன்னனுக்காக அவர்கள் கட்டினார்கள். பிறருடைய பண்டங்களைக் குவித்து வைப்பதற்காகத் தம் முதுகெலும்பு முறிய உழைத்தவர்கள் அவர்கள். விடுதலை பெற்று மோசேயின் பின்னே பாலைவனத்திற்கு வந்ததும் பசி அவர்களை வாட்டியது. எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களை எண்ணி முறுமுறுத்தார்கள். அப்போது வானத்திலிருந்து மன்னா என்னும் உணவு அருளப்பட்டதாக அந்நூலின் பதினாறாம் அதிகாரம் கூறுகிறது.

அந்த அற்புதத்தைவிட அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட விதிகளே நம் கருத்துக்கு உரியவை. தலைக்கு ஓர் ஓமர் அளவு மட்டுமே எடுக்கவேண்டும். அதிகமாய்ச் சேர்த்தவன் அளந்து பார்த்தபோது அவனிடம் மிச்சம் இல்லை. கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லை. மறுநாளைக்கென்று ஒளித்து வைத்தது புழுத்து நாறிற்று. ஓய்வு நாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரு மடங்கு எடுக்கலாம், அது கெடவில்லை. இங்கே மூன்று செய்திகள் உள்ளன. உணவு தானாக வாயில் வந்து விழவில்லை. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் எழுந்து போய்ப் பொறுக்க வேண்டியிருந்தது. ஓய்வு நாளுக்கென்று முன்கூட்டி எடுத்து வைப்பது விலக்கப்படவில்லை. ஆசையால் பதுக்குவதே விலக்கப்பட்டது. இவற்றைவிட முக்கியமானது, ஒருவனுடைய மிகுதி மற்றொருவனுடைய குறைவாக மாறாமல் காக்கும் ஓர் அளவு அங்கே இருந்தது. பண்டசாலை கட்டிய அடிமைகளுக்குப் பாலைவனம் கற்பித்த பாடம் இதுவாகும்.

எலியா தீர்க்கதரிசியின் கதையிலும் இதனை ஒத்த கருத்து உண்டு. பஞ்ச காலத்தில் காகங்கள் அவருக்கு உணவு கொண்டுவந்த செய்தி சிறுவர்களுக்கும் தெரியும். ஓடை வற்றியபின் அவர் சாறிபாத் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரை ஆதரிக்கும்படி குறிக்கப்பட்டவள் செல்வச் சீமாட்டி அல்லள். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டும் வைத்திருந்த ஏழைக் கைம்பெண். தானும் தன் மகனும் உண்டு மடிவதற்கான கடைசி உணவைச் சமைக்க அவள் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதலில் அந்நியனுக்குக் கொடுத்தாள். அதன்பின் மாவு குறையவில்லை. இறைவன் உதவி வந்த வழி அவளுடைய மெலிந்த கைகளே.

இனிக் கலிலேயா நாட்டிற்கு வருவோம். இயேசுநாதர் கற்பித்த மன்றாட்டில் அன்றைக்கு வேண்டிய அப்பத்தை அன்றைக்குத் தரும்படி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. அந்த அப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் மிக அரிதானது. சுவிசேஷகர்களே அதைப் புதிதாகப் படைத்திருக்கவேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன் கருதினார். அன்றைய நாளுக்குரியது என்றும், வரும் நாளுக்குரியது என்றும், உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதது என்றும் உரையாசிரியர்கள் அதற்குப் பலவாறு பொருள் கண்டனர். ஆயினும் அவ்வேண்டுகோளை முதலில் கேட்டவர்களுக்கு அகராதி தேவைப்பட்டிராது. கடைத்தெருவில் வேலைக்காகக் காத்து நின்று, மாலையில் ஒரு வெள்ளிக்காசு கூலியாகப் பெற்றுப் பிழைத்தவர்கள் பலர் அங்கே இருந்தனர். சுவிசேஷத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமை அவர்களுடைய வாழ்வையே காட்டுகிறது. ஏழையின் கூலியைப் பொழுது சாய்வதற்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். ஆகவே அம்மன்றாட்டு கூலியாளின் வாயில் ஒரு பொருளையும், கூலி கொடுக்க வேண்டியவனின் வாயில் வேறொரு பொருளையும் பெறுகிறது. அவ்வேண்டுகோளில் 'எனக்கு' என்ற சொல்லே இல்லை. 'எங்களுக்கு' என்றுதான் இருக்கிறது.

இந்தப் பன்மையின் பொருளை ஆதித் திருச்சபை விரைவில் உணர நேர்ந்தது. எருசலேமில் இருந்த அடியார்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்து அன்றாடம் பங்கிட்டு வந்தனர். கிரேக்க மொழி பேசும் கைம்பெண்களுக்குப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அம்முறையீட்டைச் செய்தவர்களைப் பார்த்து, 'ஆண்டவர் தருவார், பொறுத்திருங்கள்' என்று கூறி அனுப்பிவிடவில்லை. பங்கீட்டைக் கவனிப்பதற்கென்றே நம்பத்தக்க எழுவரை நியமித்தார்கள். பின்னர் எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து நகரத்தாரிடம் பவுல் பொருள் திரட்டியபோது அவர் எடுத்துக்காட்டியது எதை? மிச்சமும் குறைவும் இல்லாத அந்த மன்னாவின் கதையையே எடுத்துக்காட்டினார். பாலைவனத்தில் வானம் செய்த சமன்பாட்டை நகரத்தில் மனிதர் தம் கைகளால் செய்யவேண்டும் என்பது அவர் கருத்து. அதே பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார். வேலை செய்ய மனமில்லாதவர் உணவுக்கு உரிமை கொண்டாடலாகாது என்றும் எழுதினார். தாம் பசியும் தாகமும் குளிரும் அனுபவித்ததையும் மறைக்காமல் கூறினார். நம்பினவனுக்குப் பசியே வாராது என்று வேதம் எங்கும் வாக்களிக்கவில்லை என்பதை இதனால் அறியலாம்.

போதனையைத் தவறாகக் கொண்டவர்களும் உண்டு. கி.பி. 400-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் சில துறவிகள் கைத்தொழில் செய்ய மறுத்தனர். பறவைகள் விதைப்பதில்லை, நாங்கள் ஏன் உழைக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்நகரத்து ஆயரின் வேண்டுகோளுக்கு இணங்கி அகஸ்தீன் முனிவர் துறவிகளின் உழைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பறவைகளைப் பின்பற்றுவோர் தானியத்தை அரைப்பதும் சமைப்பதும் எடுத்து வைப்பதும் ஏன், பறவைகள் அவற்றைச் செய்வதில்லையே என்று அவர் அந்நூலில் நகைச்சுவையோடு கேட்டார். உடல் நலம் உள்ளவன் உழைக்காமல் பிறர் ஈகையில் வாழ்வது நம்பிக்கை ஆகாது என்பது அவர் முடிபு.

பல நூற்றாண்டுகள் கடந்து ஜெர்மனி நாட்டின் ஹால்லே நகரத்திற்கு வருவோம். அங்கே பேராசிரியராகவும் குருவாகவும் இருந்த ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கே, 1695-இல் தம் இல்லத்துக் காணிக்கைப் பெட்டியில் யாரோ இட்டிருந்த நான்கு தாலர், பதினாறு குரோஷன் காசுகளைக் கண்டார். இதைக்கொண்டு உருப்படியாக ஒன்று தொடங்கலாம் என்று எண்ணி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-இல் அநாதை விடுதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அவர் 1727-இல் மறைந்தபோது அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கல்வி கற்றுக்கொண்டிருந்தனர். பிராங்கே இறைவனையே நம்பினார். ஆனால் சும்மா இருந்தாரல்லர். அச்சகம், புத்தகக் கடை, மருந்துச்சாலை ஆகியவற்றை நடத்தி விடுதிக்கு வருவாய் தேடினார்; அரசிடமிருந்து சலுகைகளும் பெற்றார். அந்த ஹால்லேயில் பயின்ற சீகன்பால்குவும் புளூச்சோவும் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினர் என்பதும், அவர்களுடைய அச்சகத்துக்கு ஹால்லேயில் வார்த்த தமிழெழுத்துகள் வந்து சேர்ந்தன என்பதும் தமிழ் மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கவை.

பிராங்கேயின் விடுதிக்கு ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்து தங்கியவர் ஓர் ஏழை மாணவர். பெயர் ஜார்ஜ் முல்லர். 1805-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். இளமையில் அவர் நல்லொழுக்கம் உடையவராய் இருக்கவில்லை. தந்தை கையாண்ட வரிப்பணத்தைத் திருடினார். விடுதியில் தங்கிக் கட்டணம் கொடுக்காமல் நழுவியதற்காகப் பதினாறாம் வயதில் சிறையும் புகுந்தார். 1825-இல் ஒரு வீட்டு வழிபாட்டில் அவர் மனம் மாறினார். 1829-இல் இங்கிலாந்து சென்றார். அடுத்த ஆண்டு தாம் குருவாய் இருந்த சபையில் பெற்று வந்த நிலையான சம்பளத்தை வேண்டாவென்று விட்டார். 1832 முதல் பிரிஸ்டல் நகரத்தில் வாழ்ந்தார்.

அநாதை விடுதி தொடங்க அவரைத் தூண்டியது எது? அநாதைகள்மீது கொண்ட இரக்கம் மட்டும் அன்று. ஒரு நாள் அவர் சந்தித்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் உழைத்து வந்தார், உடல் தேய்ந்தது, மனத்தில் அமைதியும் இல்லை. வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி முல்லர் கூறினார். குறைத்தால் குடும்பத்துக்குப் போதாது என்று அவர் விடையளித்தார். இயந்திரத் தொழில் பெருகிய அக்காலத்தில் நகரமெங்கும் பரவியிருந்த அச்சம் இது. இத்தகையோர்க்கு வாய்ச்சொல்லால் பயனில்லை. கண்ணால் காணத்தக்க ஒரு சான்று வேண்டும் என்று முல்லர் எண்ணினார். மனிதர் எவரிடமும் கேளாமல், இறைவனிடம் மட்டும் கேட்டு, திக்கற்ற பிள்ளைகளுக்கு உணவளித்துக் காட்டினால் அதுவே சான்றாகும் என்பது அவர் துணிவு.

அந்தத் துணிவு துயரமறியாத உள்ளத்தில் பிறந்ததன்று. காகங்களால் ஊட்டப்பட்ட தீர்க்கதரிசியின் பெயரையே அவர் தம் ஆண்குழந்தைக்கு இட்டிருந்தார். அக்குழந்தை 1835 ஜூன் மாதத்தில், இரண்டு வயது நிரம்புமுன் இறந்தது. அதே ஆண்டின் இறுதியிலேதான் அவர் விடுதித் திட்டத்தை வெளியிட்டார். வீட்டுக்காகவும் பணத்துக்காகவும் பணியாளர்களுக்காகவும் வேண்டிக்கொண்டார், எல்லாம் வந்தன. பிள்ளைகளைச் சேர்க்கக் குறித்த நாளில் அவர் போய்க் காத்திருந்தார்; ஒருவரும் வரவில்லை! பிள்ளைகள் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள மறந்துவிட்டது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததாம். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1836 ஏப்ரலில் வில்சன் வீதியில் முப்பது பெண்பிள்ளைகளுக்கான முதல் வீடு திறக்கப்பட்டது.

முல்லரைப் பற்றிப் பலரும் கூறும் கதை ஒன்று உண்டு. உணவில்லாத காலைப் பொழுதில் பிள்ளைகளை மேசைமுன் அமர்த்தி அவர் நன்றி கூறினாராம். உடனே ரொட்டிக் கடைக்காரர் கதவைத் தட்டினாராம். பால் வண்டி வாசலிலேயே முறிந்ததாம். இது பிறருடைய நினைவுகளின் வழியே வழங்கி வருவது. அவருடைய நாட்குறிப்பு காட்டும் வாழ்க்கை இதைவிடக் கடினமானது. என் எண்ணத்தில் இதைவிட உயர்ந்ததும் கூட. 1838-இன் பிற்பகுதியில் நூறு அளவிலான பிள்ளைகள் இருந்தபோது கையிருப்பு முற்றும் தீர்ந்தது. பல வாரங்கள் காலையில் பணமில்லாமலே பொழுது விடிந்தது. முல்லர் கடன் வாங்க மறுத்தார். பணியாளர் அனைவரையும் அழைத்து உண்மை நிலையைச் சொன்னார். அவர்கள் கூடி வேண்டினார்கள். அப்போது ஒரு பணியாளர் தம் கையில் இருந்த பணத்தை எடுத்து வைத்தார். தம்மிடம் இருப்பதைக் கொடாமல் இறைவனிடம் தரும்படி வேண்டுவது நேர்மையாகாது என்று அவர் சொன்னதாக நாட்குறிப்பு தெரிவிக்கிறது. தம்மிடம் தேவைக்கு மேற்பட்டிருந்த பொருள்களையும் அவர்கள் விற்றார்கள். உதவி பெரும்பாலும் சிறு சிறு தொகைகளாக வந்தது. சில நாட்களில் உணவு வேளைக்குச் சற்று முன்புதான் வந்தது.

அந்தப் பெயர் தெரியாத பணியாளரின் சொல்லில் மன்னாவும் சாறிபாத் கைம்பெண்ணும் எருசலேமின் பந்தியும் ஒருங்கே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முல்லர்மீது ஒரு மறுப்பும் கூறப்படுவதுண்டு. அவர் எவரிடமும் கேட்கவில்லை என்பது உண்மையே. ஆனால் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளே மறைமுகமான வேண்டுகோள் அல்லவா என்று கேட்போர் உளர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. அவ்வறிக்கைகளைப் படித்தே பலர் பணம் அனுப்பினர். ஆயினும் 1841-இன் இறுதியில் நெருக்கடி மிகுந்திருந்தபோது, அறிக்கை இரத்தல் போலத் தோன்றலாகாது என்று அதை வெளியிடுவதையே அவர் தள்ளி வைத்தார். வந்த காசு ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதிக் காட்டினார். தெய்வத்தை நம்பினவர் கணக்குப் புத்தகத்தை அலட்சியம் செய்யவில்லை. 1849-இல் ஆஷ்லி டவுன் என்னும் மேட்டில் முந்நூறு பிள்ளைகளுக்கான பெரிய இல்லம் திறக்கப்பட்டது. 1870-க்குள் இல்லங்கள் ஐந்தாயின. இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்தது. அவர் கைவழியே சென்ற பணம் ஏறத்தாழ 15 இலட்சம் பவுன். 1898 மார்ச்சு 10-ஆம் நாள் அவர் மறைந்தபோது அவருக்கென்று இருந்த சொத்து இருநூறு பவுனுக்கும் குறைவு. அதுவரை அவ்விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகள் ஏறத்தாழ 10,000 பேர்.

முல்லரின் மனைவி மேரியின் தமையனார் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்பவர். எக்ஸிட்டர் நகரத்தில் நல்ல வருவாயுள்ள பல் மருத்துவராய் இருந்தார். செல்வத்தைச் சேர்த்து வைக்கலாகாது என்று 1825-இல் அவர் எழுதி வெளியிட்ட சிறு நூல் முல்லரின் உள்ளத்தையும் தொட்டது. குரோவ்ஸ் தம் தொழிலை விட்டு, எந்தச் சங்கத்தின் ஊதியமும் இன்றி 1829-இல் பாக்தாத் சென்றார். 1831-இல் அந்நகரத்தைக் கொள்ளைநோயும் வெள்ளமும் ஒருங்கே தாக்கின. அவருடைய மனைவி அந்நோய்க்கு இரையானார். இறைவனை நம்பிச் சென்ற ஒருவருக்கு நேர்ந்தது இது. வரலாறு எழுதுவோர் இல்லம் நிறைந்த கதையைச் சொல்லி இதனை மறைத்தல் முறையன்று. குரோவ்ஸ் நம்பிக்கையை விடவில்லை. 1833-இல் இந்தியாவுக்கு வந்தார்.

தென்னாட்டில் அவரோடு பழகிய தமிழர் ஒருவர் ஜான் கிறிஸ்தியன் அருளப்பன். 1810-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். ரேனியுஸ் ஐயரிடம் பயின்றவர். வெளிநாட்டுச் சங்கங்கள் மாதச் சம்பளம் கொடுத்து உபதேசிகளை வைத்திருந்த காலம் அது. அருளப்பன் நிலையான சம்பளம் எதையும் ஏற்க மறுத்து, 1840-இல் திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை நிறுவினார். 1867-இல் மறையும் வரை அப்பகுதியிலேயே பணியாற்றினார். தம் மக்களிடையே அயலாருடைய சம்பளக்காரராய் நிற்காமல் அவர்களுள் ஒருவராய் நிற்க அந்த வாழ்க்கை அவருக்கு வழிசெய்தது.

நேயர்களே, மாணவர் கேட்ட கேள்விகளுக்கு இப்போது திரும்புவோம். உழைப்பு எதற்கு என்று கேட்டவருக்குப் பவுலின் கூடாரத்தொழிலும் அகஸ்தீனின் நூலும் விடையளிக்கின்றன. சிக்கனம் எதற்கு என்று கேட்டவருக்கு முல்லரின் கணக்குப் புத்தகம் விடையளிக்கிறது. பசித்தோர் ஏன் இருக்கிறார்கள் என்னும் கேள்விதான் கடினமானது. வேதம் அதனைக் கேட்டவரிடமே திருப்பி விடுகிறது. உடையும் உணவும் இல்லாத ஒருவனைப் பார்த்து நல்வாழ்த்து மட்டும் கூறி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபின் நிருபம் கேட்கிறது.

நாளைய கவலையை விட்டவனுக்கு இன்றைக்குத் தன் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இன்று நாம் கண்ட மனிதர்கள் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. அந்த மன்றாட்டை இனி எங்கேனும் கேட்கும்போது, அதில் உள்ள 'எங்களுக்கு' என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிரிஸ்டல் நகரத்துப் பணியாளர் தம் கையில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களோடு மன்றாட அமர்ந்தார்.